கலையைப் பிறப்பிப்பது ஆனந்தமே!

("படைப்பாளியைத் தூண்டுவது துயரமா, ஆனந்தமா?" என்ற பட்டிமன்றத்தில் 'ஆனந்தமே' அணியில் மூன்றாவதாகப் பேசியவரின் உரை)

நடுவர் அவர்களே! வேதனையை மூட்டை மூட்டையாகக் கொண்டு வந்து இந்த மேடையிலே இறக்கி வைத்திருக்கிற எதிரணி நண்பர்களே!   

எனக்கு முன்னாலே பேசிய அண்ணன் என்ன சொன்னார்? "அழாதவன் கலைஞனாக முடியாது" என்றார். நடுவர் அவர்களே, அழுதால்தான் கலை என்றால், எங்க தெருவிலே கந்து வட்டிக்குக் கடன் வாங்கின அத்தனை பேரும் இந்நேரம் ஆளுக்கொரு காவியம் எழுதியிருக்கணுமே! (சிரிப்பு, கைதட்டல்)

நடுவர்: நானே ரெண்டு எழுதியிருப்பேனே அம்மா! (பலத்த சிரிப்பு)

வான்கா காதை அறுத்துக்கொண்ட கதையை அண்ணன் ரொம்ப உருக்கமாகச் சொன்னார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆனால் கதையைப் பாதியிலே நிறுத்திவிட்டாரே! அதற்கப்புறம் 1889 மே மாதம் வான்கா பிரான்சிலே செயின்ட் ரெமி என்ற ஊரில் மனநோய் விடுதியில் போய்ச் சேர்கிறார். ஜூலையிலே நோய் கடுமையாகத் தாக்குகிறது. அண்ணன் கணக்குப்படி அப்போதுதானே படம் வந்து குவிந்திருக்க வேண்டும்? ஒரு மாதத்துக்கு மேல் தூரிகையைத் தொட முடியாமல் கிடந்தார், நடுவர் அவர்களே. கொஞ்சம் தெளிந்ததும் தம்பி தியோவுக்குக் கடிதம் எழுதுகிறார். நான் குணமாவதற்கே படம் வரைவது அவசியம், டாக்டரிடம் நீ சொல்லு என்று கேட்கிறார். வேதனை அந்த மனுஷனைப் படுக்கையிலே போட்டது. எழுப்பி உட்கார வைத்தது வரைகிற ஆசை. அந்த விடுதியில் இருந்த ஒரே வருஷத்தில் ஏறத்தாழ 150 ஓவியங்கள்!

பீத்தோவன் காது போச்சே என்று இன்னொரு தம்பி வருத்தப்பட்டார். 1802-லே அந்தத் துக்கத்தையெல்லாம் கொட்டித் தன் சகோதரர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார், உண்மை. அதே வருஷம் முடித்த இரண்டாவது சிம்பொனியைக் கேட்டுப் பாருங்க தம்பி. துள்ளுது!

பாரதியை விடுவேனா? 1908-லிருந்து பத்து வருஷம் புதுச்சேரியிலே. வறுமை, பின்னாலேயே போலீஸ் கண்காணிப்பு. அங்கே உட்கார்ந்துகொண்டு எழுதினது குயில் பாட்டு! வீட்டிலிருந்த அரிசியைக் குருவிக்குப் போட்டுவிட்டு ரசித்தவர் என்று சொல்வார்கள். வேதனைப்பட்டது செல்லம்மா. பாட்டு எழுதினது யாரு? (பலத்த கைதட்டல்)

துயரத்துக்குப் பங்கே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. எழுதுவதற்கு விஷயம் கொடுக்கும். எழுத உட்கார வைக்குமா? அதுதான் என் கேள்வி. இதை எனக்குக் காட்டினது பெரிய மேதை யாரும் இல்லை. எங்க அம்மா.

அம்மா கோலம் போட்டால் தெருவே நின்று பார்க்கும். நான் ஆறாம் வகுப்புப் படிக்கிறபோது அப்பா தவறிட்டார். அந்த ஒரு வருஷம் வாசலிலே கோலம் கிடையாது. வழக்கம் அப்படி. ஆனால் யாரும் பார்க்காத கொல்லையிலே போடலாமே? போடவில்லை. அவங்க வாழ்க்கையிலேயே பெரிய துக்கம் இருந்த வருஷம் அது. ஒரு புள்ளி வைக்கவில்லை, நடுவர் அவர்களே. ஒரே ஒரு புள்ளி. (அவையில் அமைதி)

வருஷம் திரும்பியது. "புருஷன் போனவ வாசல்ல கோலம் போடலாமா?" என்று தெருவிலே பேச்சு. சரி, இனிமேல் இல்லை என்று நானும் நினைத்துக்கொண்டேன். ஒரு ராத்திரி முழிப்பு வந்து பார்க்கிறேன், அடுக்களையிலே விளக்கு எரியுது. அம்மா தரையிலே உட்கார்ந்திருக்காங்க. என் கணக்கு நோட்டு, என் பென்சில். 15 புள்ளி, 8 வரை இடைப்புள்ளி. அந்தக் கோலத்துக்கு எப்பவும் மூணு இழை வேணும். அதை ஒரே இழையிலே கொண்டுவர முடியுமான்னு பார்க்கிறாங்க! அழிக்கிறாங்க, வரையிறாங்க. என்னைக் கவனிக்கவே இல்லை. ஒரு வருஷமா நான் பார்க்காத முகம் அது.

மறுநாள் விடிகாலை என்னை எழுப்பி வாசலுக்கு அனுப்பினாங்க. நான் கோலமாவோட வெளியே. அம்மா கதவுக்குப் பின்னால் நோட்டோட நின்னுக்கிட்டு, "இடது பக்கம் வளை… ரெண்டு புள்ளி விடு… இப்ப உள்ளே வா". இப்படியே பல வருஷம்! "பொண்ணு என்னமா கோலம் போடுறா!"ன்னு தெருவெல்லாம் பேச்சு. அம்மா உள்ளே வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாங்க. (கைதட்டல்)

நடுவர்: (மணி அடித்து) ஊரை எதிர்த்துக் கோபத்திலே போட்டாங்கன்னு எதிரணி சொல்லுமே அம்மா?

அவங்க சொல்லுவாங்கன்னு தெரிஞ்சுதான், இங்கே புறப்படும்போது கேட்டுட்டே வந்தேன் ஐயா. "அன்னிக்கு ராத்திரி கோபத்துல உட்கார்ந்தியாம்மா, அப்பா நினைப்புல உட்கார்ந்தியா?"

அம்மா சொன்னாங்க: "அதெல்லாம் பகல்ல இருந்துச்சுடி. ராத்திரி, அந்த மூலை எப்படித் திரும்பும்னு தெரியாம தூக்கம் வரலை."

(நீண்ட கைதட்டல்)