பாட்டின் இருப்பிடம்



மேனாட்டு இசையில் 'டோனாலிட்டி' என்று சொல்லப்படுவதைப் பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறார்கள். பெயர்தான் புதிது. ஒரு பாட்டில் ஏழு ஸ்வரங்கள் வந்தாலும், வீடு என்பது ஒன்றே. மற்றவை வெளியே சென்று திரும்புகிறவை. அந்த வீட்டைத்தான் நாம் ஆதார ஷட்ஜம் என்கிறோம்.

ஆர்மோனியத்தில் வெள்ளைக் கட்டைகளை மட்டும் வாசித்துப் பாருங்கள். முதல் கட்டையை 'ச' என்று கொண்டால் சங்கராபரணம், மேனாட்டாரின் மேஜர். ஆறாவதை 'ச' ஆக்கினால் நடபைரவி, அவர்களுடைய மைனர். இரண்டாவதை வைத்தால் கரகரப்பிரியா. கட்டைகள் அவையேதான், வீடு மாறியது, உணர்ச்சியே மாறிவிட்டது! கர்நாடக இசையில் இது கிரக பேதம்; பழந்தமிழர் பண்ணுப்பெயர்த்தல் என்றனர். தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் வெளியிட்ட 'கருணாமிர்த சாகரம்' பழந்தமிழ்ப் பாலைகளை விரிவாக ஆராய்கிறது, பொறுமையுள்ளவர்கள் படிக்கலாம்.

லத்தீன் கிரகோரியப் பாடல்களை எட்டு வகையாகப் பிரித்ததும் ஏறக்குறைய இதே கணக்குத்தான். பாட்டு எந்த ஸ்வரத்தில் வந்து அமர்கிறது என்பது அதில் முக்கியமான அடையாளம். பிற்காலத்தில் ஐரோப்பியர் மேஜர், மைனர் இரண்டையே பெரிதும் கைக்கொண்டு, பன்னிரண்டு கட்டைகளிலும் வீடு கட்டினார்கள். பாக் என்பவர் அந்த 24 வகைக்கும் உருப்படிகள் இயற்றி 1722-ல் தொகுத்தார். பாட்டின் நடுவே 'ப'வை வீடாக்கிக்கொண்டு பிறகு திரும்பி வருவதும் அவர்களுக்கு வழக்கம். நம் தம்புரா அதற்கு இடங்கொடாது.

நம் ஆலயத்திற்கு வேண்டியது இனித்தான் இருக்கிறது. நடபைரவியில் அமைந்த பாட்டு; வெள்ளைக் கட்டைகளைக் கண்டதும் வாசிப்பவர் முதல் கட்டையின் 'ச-க-ப' மூன்றையும் சேர்த்து அழுத்தி முடிக்கிறார். பாடுவோர் ஒரு வீட்டில், வாத்தியம் அடுத்த வீட்டில்! பாட்டின் கடைசி ஸ்வரத்தை முதலில் முனகிப் பாருங்கள். பெரும்பாலும் அதுவே வீடு.

இன்றைய கீபோர்டில் ஒரு பொத்தானால் சுருதியை ஏற்றலாம், இறக்கலாம். அதனால் ராகம் மாறாது. வீட்டை அப்படியே பெயர்த்து வைக்கிறோம், அவ்வளவே. ஆகவே தயங்காமல் இறக்குங்கள். இளங்குரல்களுக்குச் சுகமான சுருதியில் எடுத்தால், உச்ச ஸ்வரம் வந்ததும் பின்வரிசை ஆண்கள் மௌனமாகிவிடுகிறார்கள். 1963-ல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாட்டில் மக்களெல்லாரும் ஈடுபட்டுப் பாட வேண்டுமென்று கேட்டது. பாடலின் உச்ச ஸ்வரத்தைக் கண்டுபிடித்து, வயதான ஒருவரைப் பாடச் சொல்லுங்கள். அவருக்கு எட்டினால், அங்கிருந்து கீழே எண்ணி வந்து 'ச'வை வையுங்கள்.