ரிசல்ட் வரும் காலை

பிளஸ் டூ ரிசல்ட் வரும் காலையில் வீட்டில் போன் ஓயாது. "எவ்வளவு மார்க்?" சித்தப்பா கேட்பார், எதிர்வீட்டு மாமி கேட்பார். பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும். அந்தப் போனை அன்றைக்கு நீங்களே எடுத்துப் பேசிவிடுங்கள். முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசே 2017-இல் கைவிட்டது. வீட்டில் நாம் ஏன் இன்னும் ஒப்பிடுகிறோம்? தவறிய பாடத்தை அந்த ஆண்டே துணைத்தேர்வில் எழுதலாம். அதை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம். இன்றைக்குத் தட்டில் சோற்றைப் போட்டுக் கொடுத்து, பக்கத்தில் உட்காருங்கள். "நான் எதுக்கு இருக்கணும்?" என்று பிள்ளை சொன்னால் தனியே விடாதீர்கள். மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.