முன்பும் மாறியதுதானே?

  இலக்கியக் கூட்டத்தில் ஒரு தாதி ஏன் காலநிலையைப் பற்றிப் பேசுகிறார் என்று சிலர் நினைக்கலாம். நான் விஞ்ஞானி இல்லை. ஆனால் நோயாளிகளின் பதிவேட்டை வாசிப்பது இருபது வருடமாக என் வேலை. இன்று வாசிக்கப்போவதும் ஒரு பதிவேட்டைத்தான்.

நம் வீடுகளிலும், ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும் நேரத்திலும் நான் அடிக்கடி கேட்கும் வாக்கியம் ஒன்று உண்டு: “காலநிலை முன்பும் மாறியதுதானே, இதுவும் அப்படித்தான்.” இதில் முதல் பாதி முழு உண்மை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கடைசிப் பனியுகத்தின் உச்சம் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு. இன்றைய ஜெனீவா நகரம் இருக்கும் இடம் அப்போது றோன் பனியாற்றின் அடியில் கிடந்தது. உலகத்தின் நீரில் ஒரு பங்கு நிலத்தின் மேல் பனியாக உறைந்திருந்ததால், கடல்மட்டம் இன்றைவிட ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்வாக இருந்தது. பாக்குநீரிணை ஆழமில்லாத கடல். அன்று அது நிலம். மன்னாரிலிருந்து இராமேஸ்வரத்துக்கு நடந்தே போயிருக்கலாம்.

இதெல்லாம் எப்படித் தெரியும்? அந்தாட்டிக்காவில் விழும் பனி பெரும்பாலும் உருகுவதில்லை. ஆண்டுக்கு ஆண்டு ஒன்றின்மேல் ஒன்றாக அமுங்கிக் கட்டியாகிறது. அமுங்கும்போது அந்தக் காலத்துக் காற்றும் சிறு குமிழிகளாக உள்ளே அடைபடுகிறது. பிரெஞ்சு விஞ்ஞானி குளோட் லோரியுஸ், 1965இல் அந்தாட்டிக்காவில் வேலை செய்தபோது, ஒருநாள் மாலை துளையிட்டு எடுத்த பழைய பனியை விஸ்கியில் போட்டார். குமிழிகள் வெடித்து வெளிவந்தன. அது ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய காற்று, அதை அளக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது அப்போதுதான்.

அளந்தவர்களில் முக்கியமானவர்கள் இங்கே நம்மில் பலர் வாழும் பேர்ண் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்தார்கள். ஹான்ஸ் ஓஷ்கரின் குழு 1980இல், பனியுகத்துக் காற்றில் காபனீரொட்சைட்டு குறைவாக இருந்ததைக் காட்டியது. தமிழகத்து நண்பர்களுக்கு, கார்பன் டை ஆக்சைடு. பிறகு ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து அந்தாட்டிக்காவில் மூன்று கிலோமீற்றருக்கும் மேல் ஆழமாகத் துளைத்து, 8 லட்சம் ஆண்டுப் பதிவை எடுத்தன.

அந்தப் பதிவு சொல்வது இது. பனியுகங்களில் காற்றின் பத்து லட்சம் மூலக்கூறுகளில் சுமார் 180 காபனீரொட்சைட்டு. வெப்பமான காலங்களில் 280, அதிகமென்றால் 300. அதற்கு மேல் ஒருமுறைகூடப் போகவில்லை. 1958இல் சார்ள்ஸ் கீலிங் ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது அது 315. இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

பனியுகங்கள் வந்து போனதற்குக் காரணம் பூமியின் பாதையும் சாய்வும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் மெல்ல மாறுவதுதான். செர்பியரான மிலங்கோவிச் இதைக் கையாலேயே கணக்கிட்டார். பதிவில் சில இடங்களில் வெப்பம் முதலில் ஏறி, காபனீரொட்சைட்டு பிறகு ஏறுவதைக் காட்டி, “பார்த்தீர்களா, வாயு காரணம் இல்லை” என்பார்கள். பாதை மாற்றம் சிறிய தூண்டுதல்தான். அதில் கடல் கொஞ்சம் சூடாகி வாயுவை வெளியே விட்டது. அந்த வாயு மேலும் சூடாக்கியது. தொடக்கியது ஒன்று, பெருக்கியது இன்னொன்று. தொற்று சிறியதாகத் தொடங்கினாலும், பிறகு உடலின் எதிர்வினையே நோயாளியை வீழ்த்துவதை வார்டில் பார்க்கிறோமே, அதுபோல.

இப்போது அந்த வாக்கியத்தின் இரண்டாம் பாதிக்கு வருகிறேன்: “இதுவும் அப்படித்தான்.”

முன்பு மாரடைப்பு வந்த ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, “இந்த நோ முந்தியும் வந்ததுதான் பிள்ளை, ஒன்றுமில்லை” என்கிறார். அதைக் கேட்டு எந்தத் தாதியும் அறையை விட்டுப் போகமாட்டாள். அவரைத்தான் முதலில் கவனிப்பாள். பழைய வரலாறு அந்த இதயம் எவ்வளவு எளிதில் பாதிக்கப்படும் என்று சொல்கிறது. பூமியின் பழைய வரலாறும் அதையே சொல்கிறது. சிறிய தூண்டுதலுக்கே கடலை 120 மீற்றர் ஏற்றி இறக்கிய கோள் இது. பனியுகத்துக்கும் நேற்றைய காலநிலைக்கும் உலகச் சராசரியில் ஐந்து ஆறு பாகைதான் வித்தியாசம்.

வேகத்தையும் பாருங்கள். பனியுகம் முடிந்தபோது காபனீரொட்சைட்டு சுமார் 80 அலகு ஏறுவதற்கு ஏழாயிரம் ஆண்டுகள் அளவில் எடுத்தன. கீலிங் தொடங்கியதிலிருந்து 70 ஆண்டுகளுக்குள் 100 அலகுக்கு மேல் ஏறியிருக்கிறது.

காரணம் சூரியனாக இருக்கக்கூடாதா? நியாயமான கேள்வி. வைத்தியர்கள் ஒரு நோயை முடிவு செய்யுமுன் மற்றவற்றை விலக்குவார்கள். சூரியன் கூடுதலாக எரிந்தால் வளிமண்டலம் மேலும் கீழும் சூடாக வேண்டும். கீழே சூடாகிறது. ஓசோன் இருக்கும் மேல் அடுக்கோ குளிர்கிறது. காற்றில் கூடியிருக்கும் காபனின் எடை வகைகளைப் பிரித்துப் பார்த்தால், அது நிலக்கரியிலும் எண்ணெயிலும் இருந்து வந்ததென்று தெரிகிறது. இரத்தப் பரிசோதனையில் கிருமியின் பெயரே வந்துவிட்டதுபோல.

சூடு உடலுக்கு என்ன செய்யும் என்பது எங்களுக்குத் தெரியும். 2003 கோடையில் ஐரோப்பாவில் 70,000 பேர் அளவில் இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள், பலர் தனியாக இருந்தவர்கள். வயதானவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது, வியர்ப்பதும் குறையும். சிறுநீர் போக எடுக்கும் குளிசை உடலின் நீரை இன்னும் குறைக்கும். இந்த நாட்டின் 2,000க்கும் மேற்பட்ட மூத்த பெண்கள் இதை வைத்தே வழக்காடினார்கள். 2024 ஏப்ரல் 9ஆம் திகதி ஸ்ட்ராஸ்பேர்க்கில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், சுவிஸ் அரசு போதியளவு செய்யவில்லை என்று தீர்ப்பளித்தது.

ஊரையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லின் உள்ளே, உப்புநீரின் மேல் மிதக்கும் நன்னீர்ப் படை. கடல் 1901 முதல் 2018 வரை உலகச் சராசரியாக 20 சென்ரிமீற்றர் உயர்ந்தது. கடல் ஏற, உப்பும் மேலே வரும். ஓய்வு பெற்றபின் ஊரில் வீடு கட்ட நினைப்பவர்கள் கிணற்றையும் நினைக்க வேண்டும்.

என் சபையில் சிலர், நோவாவுக்குக் கடவுள் வாக்குக் கொடுத்தாரே, நாம் ஏன் பயப்பட வேண்டும் என்பார்கள். நானும் அந்த வாக்கை நம்புகிறவள்தான். ஆனால் அதே ஆதியாகமத்தில் யோசேப்பும் இருக்கிறார். பஞ்சம் வருமென்று தெரிந்ததும் ஜெபத்தோடு நிறுத்தாமல் களஞ்சியம் கட்டினார். நாம் இந்தப் பூமியின் உக்கிராணக்காரர்தான், சொந்தக்காரர் இல்லை. உலகக் காலநிலை அறிக்கைகளை வழிநடத்தியவர்களில் ஒருவரான சேர் ஜோன் ஹோட்டன், விசுவாசமுள்ள கிறிஸ்தவர். அவர் விஞ்ஞானத்தையும் விசுவாசத்தையும் எதிரெதிராக நிறுத்தவில்லை.

நல்ல செய்தியும் உண்டு. மனிதர் வெளியிடும் காபனீரொட்சைட்டை நிகரப் பூச்சியமாக்கினால், வெப்பம் மேலும் ஏறுவது ஏறத்தாழ நின்றுவிடும் என்று 2021 அறிக்கை சொல்கிறது. கடல் மட்டும் நெடுங்காலம் ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு பத்திலொரு பாகைக்கும் மதிப்புண்டு. வாக்குரிமை உள்ள நாடுகளில் வாழ்கிறோம். அதைப் பயன்படுத்துங்கள். அடுத்த வெப்ப அலையில், தனியாக இருக்கும் அம்மம்மாவுக்கும் பக்கத்து வீட்டு முதியவருக்கும் காலையும் மாலையும் ஒரு அழைப்பு எடுத்து, “தண்ணீர் குடித்தீர்களா?” என்று கேளுங்கள்.

 இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.