யுரேனியம்: ஆயிரத்தில் ஏழு அணுக்கள்

(பலமனேரில் மாணவர்கள், அலுவலர்களிடையே நிகழ்த்திய உரை)



நான் பொருளியல் பயின்றவன். இயற்பியல் அறிஞன் அல்லன். எனினும், அரிய பொருளை எவ்வாறு சிக்கனமாகப் பயன்படுத்துவது என்பதே பொருளியலின் அடிப்படை வினா. யுரேனியத்தைப் பொறுத்தவரை அவ்வினா அணுவுக்குள்ளேயே தொடங்குகிறது.

இவ்வூர் மட்பாண்டக் கலைஞரின் சூளையில் விறகு எரியும்போது கரியணுக்கள் ஆக்சிஜனுடன் சேர்கின்றன. அணுக்களின் சேர்க்கை மாறுகிறதேயன்றி, நடுவிலுள்ள அணுக்கரு மாறுவதில்லை. யுரேனியத்தில் நிகழ்வது வேறு. நியூட்ரான் ஒன்றை ஏற்றதும் கருவே இரண்டாகப் பிளக்கிறது. பிளவுக்குப் பின் மொத்த நிறை சிறிதளவு குறைகிறது. குறைந்த நிறையே ஆற்றலாக வெளிப்படுகிறது. பெர்லினில் ஆட்டோ ஹானும் ஸ்ட்ராஸ்மனும் 1938-இல் கண்ட விளைவுக்கு, லீஸ் மைட்னரும் ஃபிரிஷும் 1939-இல் இவ்விளக்கத்தை அளித்தனர். ஒரு கிலோ யுரேனியம்-235 முழுமையாகப் பிளவுற்றால், ஏறக்குறைய 2,700 டன் உயர்தர நிலக்கரி தரும் வெப்பம் கிடைக்கும்.

ஒவ்வொரு பிளவிலும் இரண்டு அல்லது மூன்று நியூட்ரான்கள் வெளிப்படுகின்றன. அவற்றுள் சராசரியாக ஒன்று மட்டும் அடுத்த கருவைப் பிளந்தால் உலை சீராக இயங்கும். நியூட்ரான்களில் ஆயிரத்துக்கு ஆறு, ஏழு மட்டும் உடனே வராமல், சில நொடிகள் முதல் ஒரு நிமிடம் வரை தாமதித்து வருகின்றன. இத்தாமதமே கட்டுப்பாட்டுத் தண்டுகளை இயக்குவதற்கு அவகாசம் அளிக்கிறது.

ஆனால், இயற்கை யுரேனியத்தின் ஆயிரம் அணுக்களில் இவ்வாறு எளிதில் பிளவுறும் 235 வகை ஏழு மட்டுமே. எஞ்சிய 993 அணுக்களும் 238 வகையைச் சேர்ந்தவை.

நமக்கு வடக்கே, கடப்பா மாவட்டத்துத் தும்மலபள்ளியை எண்ணிப் பாருங்கள். இந்திய யுரேனியக் கழகத்தின் சுரங்கமும் ஆலையும் அங்கு 2012-இல் தொடங்கப்பெற்றன. அங்கு ஒரு டன் பாறையில் யுரேனியம் அரைக் கிலோவையும் எட்டுவதில்லை. அதில் 235 வகை 3 கிராமுக்கும் குறைவு. ஏனைய பாறைத்தூள் அனைத்தும் கழிவுக் குட்டையைச் சேர்கிறது. கிணற்று நீரும் பயிரும் கெடுவதாக அருகிலுள்ள உழவர்கள் முறையிட்டுள்ளனர். நகரத்து விளக்கின் உண்மையான விலையைக் கணக்கிடும்போது அவர்தம் கிணறுகளையும் சேர்த்தே கணக்கிடவேண்டும்.

ஆலையில் பிரித்தெடுக்கும் யுரேனியம் ஐதராபாத் அணு எரிபொருள் வளாகத்தில் எரிபொருட் கட்டுகளாக உருப்பெறுகிறது. இத்தகைய கட்டுகளைக் கொண்டு இயங்குமாறு கல்பாக்கத்தில் அமைத்த முதல் மின் உலை 1983 சூலையில் செயற்பாட்டு நிலையை எய்திற்று. அதிலுள்ள கனநீர் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்கிறது. அவற்றை மிகக் குறைவாகவே விழுங்குகிறது. ஆகவே செறிவூட்டாத யுரேனியமே அங்குப் போதுமானது.

எஞ்சிய 993 அணுக்களும் வீண் அல்ல. யுரேனியம்-238 ஒரு நியூட்ரானை ஏற்றுச் சில நாட்களில் புளூட்டோனியம்-239 ஆக மாறுகிறது. அதுவும் பிளவுறும் பொருளே. தான் எரிப்பதைவிட மிகுதியான எரிபொருளைப் படைப்பதே வேக ஈனுலையின் நோக்கம். டாக்டர் ஹோமி பாபா 1954-இல் முன்வைத்த மூன்று கட்டத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் இதுவே. கல்பாக்கத்தில் 1985-இல் சோதனை ஈனுலை இயங்கத் தொடங்கிற்று. 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலையும் அங்கேயே நிறுவப்பெற்றுள்ளது.

ஏழு அணுக்களை மட்டும் பயன்படுத்தி ஏனையவற்றை ஒதுக்கினால், அதே மின்சாரத்துக்கு மேலும் மேலும் பாறையைத் தோண்டவேண்டும். கழிவுக் குட்டைகளும் பெருகும். ஈனுலையின் தொழில்நுட்பம் கடினமானது. செலவும் காலமும் மிகுதியாகக் கோருவது. எனினும் அதன் பயனை மெகாவாட்டுகளால் மட்டும் அளத்தல் போதாது. தோண்டாமல் விடப்படும் பாறையையும், கெடாமல் காக்கப்படும் கிணற்றையும் சேர்த்து அளக்கவேண்டும். அக்கணக்கை எழுதும் பொறுப்பு நாளை உங்களுடையது.