புதுப் பெட்டி, பழைய மிக்ஸி



இன்றைக்குப் பாடப் புத்தகத்தை மூடி வையுங்கள். நான் ஒரு மிக்ஸியின் கதையைச் சொல்லப் போகிறேன். இது நடந்த கதை. இதில் என்னுடைய தப்பும் இருக்கிறது.

நான் பத்தாவது வரை படித்தவள். இதே தங்கவயலில், லைன் வீட்டில் பிறந்தவள். என் தாத்தா சுரங்கத்தில் வேலை பார்த்தார். 2001-ஆம் ஆண்டு சுரங்கத்தை மூடினார்கள். அதன் பிறகு நம் ஊர் எப்படிப் பிழைக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டாம். விடியற்காலை ரயில். பெங்களூரில் வேலை. ராத்திரி ரயில். நானும் அந்த ரயிலில் நின்றுகொண்டே போய் வந்தவள்தான்.

பெங்களூரில் ஒரு கடையில் எனக்கு வேலை கிடைத்தது. மிக்ஸி, கிரைண்டர், குக்கர், ஃபேன் விற்கும் கடை. கடையின் பெயர் வேண்டாம். முன்பக்கம் கண்ணாடி, விளக்கு, ஏ.சி. பின்பக்கம் ஒரு சின்ன அறை. அந்த அறையில் ஒரு மேசை. என் வேலை பாதி நேரம் முன்னால், பாதி நேரம் அந்த மேசையில்.

மேசைக்கு என்ன வரும் தெரியுமா? வாங்கினவர்கள் திருப்பிக் கொடுத்த சாமான்கள். "ஜார் ஒழுகுகிறது" என்று ஒருவர் கொண்டு வருவார். "சத்தம் அதிகம்" என்பார் இன்னொருவர். கல்யாணத்துக்கு ஒரே மாதிரி இரண்டு வந்துவிட்டது என்று சிலர் வருவார்கள். வாங்குகிறவர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்றும் சொல்ல முடியாது. வீட்டு விசேஷம் முடியும் வரை நன்றாக அரைத்துவிட்டு, "பிடிக்கவில்லை" என்று திருப்பித் தந்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அந்த மிக்ஸிகளைச் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைப்பேன். பிளேடுக்கு அடியில் சட்னி காய்ந்து ஒட்டியிருக்கும். அதைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பேன். மூடியில் மஞ்சள் கறை இருந்தால் எலுமிச்சம்பழத் தோல். பிறகு புது பிளாஸ்டிக் உறை. புது டேப். மோட்டாரில் கோளாறு இருந்தால் ஒரு மெக்கானிக் வருவார். அடியில் திருகைக் கழற்றி, ஏதோ சரி செய்துவிட்டுப் போவார். சாயங்காலம் அந்தப் பெட்டிகள் முன்பக்கம் போய்விடும். புதுச் சாமானோடு சேர்ந்து நிற்கும். விலையும் புதுச் சாமான் விலைதான்.

முதல் வாரமே என்னோடு வேலை பார்த்த அக்காவிடம் கேட்டேன். "இது தப்பு இல்லையாக்கா?" அவர் சொன்னார்: "கம்பெனி எல்லாத்தையும் திருப்பி எடுத்துக்க மாட்டான். கடைக்கு நஷ்டம். நஷ்டம் வந்தா நம்ம சம்பளத்துலதான் கை வைப்பாங்க. துடைடி." நான் துடைத்தேன். ஒன்றரை வருஷம் துடைத்தேன்.

2023-ஆம் ஆண்டு தை மாதம். எங்கள் லைனில் இருந்து ஓர் அக்கா கடைக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம். சீர் வரிசைக்கு மிக்ஸி வேண்டும். வீட்டு வேலை செய்து, சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம். 3,800 ரூபாய். முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நம்ம பொண்ணு இங்க இருக்கு. அப்புறம் என்ன பயம்?" என்றார்.

விற்பனையாள் ஒரு பெட்டியைத் தூக்கி வந்து வைத்தார். பெட்டியின் ஒரு மூலை தண்ணீர் பட்டு நைந்திருந்தது. அந்த மூலையில் டேப் ஒட்டினது நான்தான். பெட்டியைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மெக்கானிக் திறந்து பார்த்த மிக்ஸி அது.

முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருந்தார். அந்த அக்கா என்னைப் பார்த்து, "நல்லதா இருக்குமாம்மா?" என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான். ஒரு வார்த்தை பேசவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

மூன்று மாதத்தில் மோட்டார் புகைந்தது. சம்பந்தி வீட்டில், "உங்க அம்மா பழசை வாங்கித் தள்ளிட்டாங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். மகள் அழுதுகொண்டே மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்கு வந்தாள். அவர்கள் சொன்னது உண்மைதான் என்று அப்போது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த அக்கா கம்பெனி சர்வீஸுக்குப் போனார். அங்கே இருந்தவர் மிக்ஸியைக் கவிழ்த்து, அடியில் இருந்த நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினார். "அம்மா, இது 2022 ஆகஸ்டிலேயே வேறு ஒருத்தர் பேரில் பதிவாகி இருக்கு. யாரோ திறந்தும் இருக்காங்க, சீல் இல்லை. வாரண்டி கிடையாது" என்றார்.

சாயங்காலம் அக்கா எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். திட்டவில்லை. "ஏம்மா, உனக்குத் தெரியாமத்தான் இருந்திருக்கும், இல்ல?" என்று கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். என் அம்மா அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வந்து என் தலையில் ஒரு குட்டு வைத்தார். பிறகு, "நாளைக்கு அவளோட போ" என்றார்.

மறுநாள் இருவரும் கடைக்குப் போனோம். அக்காவிடம் சரியான பில் இல்லை. கடைப் பெயர் அச்சடித்த துண்டுச் சீட்டு. அதில் தேதி, "மிக்ஸி 1", தொகை. அவ்வளவுதான். கீழே, "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று கன்னடத்திலும் இங்கிலீஷிலும் அச்சடித்திருந்தது. முதலாளி அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டினார். என்னைப் பார்த்து, "நாளையில இருந்து நீ வர வேண்டாம்" என்றார்.

ரயிலில் திரும்பி வரும்போது பக்கத்தில் நின்ற ஓர் அண்ணன் எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டு, "1915-க்குப் போன் பண்ணுங்க" என்றார். அது தேசிய நுகர்வோர் உதவி எண். பொருள் வாங்கி ஏமாந்தவர்கள் இந்தியாவில் எங்கே இருந்தாலும் கூப்பிடலாம். காசு கிடையாது. தமிழிலும் பேசலாம், கன்னடத்திலும் பேசலாம்.

கூப்பிட்டோம். அவர்கள் புகாரை எழுதிக்கொண்டு ஒரு நம்பர் கொடுத்தார்கள். சட்டத்தையும் எடுத்துச் சொன்னார்கள். அதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று உண்டு. முதலில் 1986-இல் வந்தது. அதை மாற்றி 2019-இல் புதுச் சட்டம் போட்டார்கள். அது 2020 ஜூலை முதல் நடப்பில் இருக்கிறது. பழைய பொருளை, பழுது பார்த்த பொருளை, 'புதுசு' என்று பொய் சொல்லி விற்பதை அந்தச் சட்டம் முறையற்ற வணிகம் என்கிறது. பில் கொடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம்தான். குறை உள்ள பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்பதும் அப்படித்தான். எத்தனை நாளுக்குள் திருப்பலாம் என்று பில்லில் போட்டிருந்தால் அந்தக் கெடு. போடாவிட்டால் முப்பது நாள். "திரும்பப் பெறப்படமாட்டாது" என்று சீட்டில் அச்சடித்துவிட்டால் சட்டம் செத்துப்போகாது.

ஒன்றைக் கவனியுங்கள். திரும்பி வந்த சாமானை விற்கவே கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. "இது பிரித்த பெட்டி, இன்ன குறை இருந்தது, விலை குறைவு" என்று சொல்லி விற்கலாம். அப்படிச் சொன்னால் நானே வாங்குவேன். மறைத்து விற்பதுதான் குற்றம்.

எங்கள் கதைக்கு வருகிறேன். அக்காவிடம் சரியான பில் இல்லை என்றேன். ஆனால் நான் இருந்தேன். அந்த மேசையில் என்ன வேலை செய்தேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எந்தப் பெட்டி, எந்த மூலையில் டேப், எல்லாம் எழுதினேன். மிக்ஸியின் நம்பரையும் எழுதினேன். அக்கா கீழே கைநாட்டு வைத்தார். கடைக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பினோம். 'பணம் தராவிட்டால் கோலார் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம்' என்றும் எழுதியிருந்தோம்.

பெங்களூரில் வாங்கிவிட்டுக் கோலாரில் வழக்கா என்று கேட்பீர்கள். முன்பெல்லாம் கடை இருக்கும் ஊரில், அல்லது ஏமாற்று நடந்த ஊரில்தான் வழக்குப் போட முடியும். 2019 சட்டத்தில் அதை மாற்றிவிட்டார்கள். நாம் குடியிருக்கும் ஊரிலோ, நாம் வேலை செய்யும் ஊரிலோ போடலாம். நம்மைப் போல ரயிலில் போய் வருகிறவர்களுக்கு இது பெரிய விஷயம். வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பொருளின் விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அவ்வளவுதான்.

எங்களுக்கு வழக்கு வரை போக வேண்டி வரவில்லை. ஒன்பதாம் நாள் கடையில் இருந்து கூப்பிட்டார்கள். 3,800 ரூபாயை எண்ணிக் கொடுத்தார்கள். அக்கா அதை இரண்டு தடவை எண்ணினார். அவர் மகளின் மாமியார் பேசின பேச்சுக்கு எந்தக் கடையில் பணம் வாங்குவது? புது மிக்ஸி வாங்கிக்கொண்டு மகளை அனுப்பி வைத்தார். அதோடு சரி.

அந்த அக்கா இப்போது நம் வகுப்பில்தான் இருக்கிறார். பேர் சொல்ல வேண்டாம் என்றார். சொல்லவில்லை. யார் சிரிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காதீர்கள்.

சரி, நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? பின்பக்க மேசையில் கற்றுக்கொண்டதை முன்பக்கம் நிற்கிற உங்களுக்குச் சொல்கிறேன்.

பணம் கொடுப்பதற்கு முன் பெட்டியைப் பாருங்கள். டேப் ஒரே வரிசையாக இருக்கிறதா? ஒரு டேப்பின் மேல் இன்னொரு டேப் இருக்கிறதா? டேப்பை உரித்த இடத்தில் அட்டை கிழிந்திருக்கிறதா? பெட்டியில் மாதமும் வருஷமும் அச்சடித்திருக்கும். அதைப் படியுங்கள். உங்களுக்கு இப்போது எண் தெரியும், மாதப் பெயர் தெரியும். ஒன்றரை வருஷத்துக்கு முந்தைய மாதம் போட்டிருந்தால், ஏன் இத்தனை நாள் விற்கவில்லை என்று கேளுங்கள்.

பெட்டியைப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள். பெட்டியின் மேல் ஒரு நீள நம்பர் இருக்கும். சீரியல் நம்பர் என்பார்கள். அதே நம்பர் மிக்ஸியின் அடியிலும் இருக்கும். இரண்டும் ஒன்றா என்று ஒவ்வோர் எண்ணாகப் படியுங்கள். அடியில் திருகுகளையும் பாருங்கள். திருப்புளி பட்ட திருகின் வாய் தேய்ந்து பளபளக்கும். ஜாரை மோந்து பாருங்கள். பூண்டு வாசனை சீக்கிரம் போகாது, எனக்குத் தெரியும். ரப்பர் வாஷரை விரலால் எடுத்து அதன் அடியைப் பாருங்கள். நான் எவ்வளவு தேய்த்தாலும் அங்கே கொஞ்சம் ஒட்டியிருக்கும். பிளக்கின் பித்தளைக் கம்பியில் லேசாக ஒரு கோடு இருந்தால் உடனே சண்டைக்குப் போகாதீர்கள். கம்பெனியிலேயே ஓட்டிப் பார்த்திருக்கலாம். நிறையக் கோடு இருந்தால் கேளுங்கள்.

செல்போன் வாங்கினால் ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் என்று அழுத்துங்கள். திரையில் பதினைந்து எண் வரும். இரண்டு சிம் போடும் போனாக இருந்தால் இரண்டு வரிசை வரும். பெட்டியில் இருப்பதும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டுக்குப் பார்சலில் வருகிற சாமானைப் பிரிக்கும்போது, பக்கத்தில் யாரையாவது போனில் படம் பிடிக்கச் சொல்லுங்கள்.

பில் வாங்குங்கள். துண்டுச் சீட்டு வேண்டாம். கடைப் பெயர், தேதி, பில் நம்பர், சாமானின் பெயர், சீரியல் நம்பர், விலை எல்லாம் அதில் இருக்க வேண்டும். வாரண்டி கார்டில் அன்றைய தேதியும் கடை முத்திரையும் வேண்டும்.

கடையில் நிற்கும் பெண்ணிடம் கோபப்படாதீர்கள். முதலாளியிடம் கேளுங்கள். அந்தப் பெண்ணும் நம் ரயிலில் வந்தவளாக இருக்கலாம்.

நாளைக்கு வரும்போது வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு சாமானின் பெட்டியும் பில்லும் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து படிப்போம். பெட்டி இல்லை என்றால் மிக்ஸியின் அடியில் இருக்கும் நம்பரை நோட்டில் எழுதி வாருங்கள். மிக்ஸியைக் கவிழ்ப்பதற்கு முன் மறக்காமல் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.