ஷூ லேஸ் கட்டிவிடும் கதாநாயகன்

(ஆம்பூரில் இளைஞர் வாசிப்புக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கொரியன் டிராமாவைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் பின்வரிசையில் இரண்டு தோழர்கள் சிரித்தார்கள். "தோல் தொழிலாளர் கூலியைப் பேசாமல் இது எதுக்கு?" என்று ஒருவர் கேட்டும்விட்டார். கூலியைப் பேச ஆட்கள் இருக்கிறார்கள், பேசவும் வேண்டும். ஆனால் ஆம்பூர், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் காலையில் ஓடும் கம்பெனி பஸ்களில் ஏறிப் பாருங்கள். ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு இரண்டு பெண்கள் ஒரு போனைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் இரண்டு வருஷம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் ஸ்டிட்சிங்கில் இருந்தவள். அந்த இயர்போனின் ஒரு முனை என் காதில் இருந்திருக்கிறது. அந்தப் பெண்கள் எதைப் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டுத் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பதும் நம் அரசியல்தான்.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததில்லை. 2013இல் புதுயுகம் தொலைக்காட்சி தொடங்கியபோது கொரியத் தொடர்களைத் தமிழில் பேசவைத்து ஒளிபரப்பினார்கள். 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்' அப்படித்தான் எங்கள் தெருவுக்குள் வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்த பிள்ளைகள் இன்று லைனில் உட்கார்ந்து தைக்கிறார்கள். இப்போது டிவி தேவையில்லை, போன் இருக்கிறது.

லைனில் அதிகம் பேசப்பட்ட காட்சி எது தெரியுமா? முத்தக் காட்சி இல்லை. கதாநாயகியின் ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கும். கதாநாயகன் நடுரோட்டில் ஒரு காலை மடித்து உட்கார்ந்து அதைக் கட்டிவிடுவான். எத்தனையோ தொடர்களில் வந்து வந்து தேய்ந்த காட்சி. கொரிய விமர்சகர்களுக்கு அலுத்திருக்கலாம், எங்கள் லைனுக்கு அலுக்கவே இல்லை. "அவன் குனிஞ்சான் பாரு, அது போதும்" என்பாள் பக்கத்து மெஷின் அக்கா. நாள் முழுக்க அடுத்தவர் காலுக்காகக் குனிந்து தைக்கிறவள் சொல்வது அது. அவளுடைய காலுக்காக யாரும் குனிந்ததில்லை.

செருப்பு நம் ஊரில் வெறும் செருப்பு இல்லை, தோழர்களே. தோலை உரித்தவன், ஊறவைத்தவன், பதப்படுத்தியவன், தைத்தவன் எல்லோரும் தீட்டு. தைத்து முடித்ததைப் போட்டுக்கொண்டு நடப்பவன் மட்டும் சுத்தம். அதைத் தைத்தவனே தன் காலில் போட்டு ஊர்த்தெருவில் நடந்தால் குற்றம். பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2023 டிசம்பரில், திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் வட்டம் ராஜாவூரில் அறுபது தலித் மக்கள் ஒரு தெருவில் முதல்முறையாகச் செருப்புப் போட்டு நடந்தது செய்தியாக வந்தது. செருப்புப் போட்டு நடப்பது ஒரு செய்தி! அந்த நாட்டில் உட்கார்ந்து, ஒரு பெரிய கம்பெனி வாரிசு ஏழைப் பெண்ணின் ஷூவைத் தொடுவதைப் பார்க்கிறார்கள் ஷூ தைக்கும் பெண்கள். அவர்கள் கண்ணுக்கு அதில் காதலோடு இன்னொன்றும் தெரிகிறது. அதற்கு அவர்களிடம் பெயர் இல்லாமல் இருக்கலாம், நமக்குத் தெரியும்.

(கொரியாவில் காதலிக்கு ஷூ வாங்கிக் கொடுத்தால் அதைப் போட்டுக்கொண்டு ஓடிப்போய்விடுவாள் என்று ஒரு நம்பிக்கை உண்டு. இதைச் சொன்னபோது லைனே சிரித்தது. "அப்போ நம்ம கம்பெனிதான் பாதி ஜோடியைப் பிரிச்சிருக்கும்.")

அடுத்தது, பண உறை. பையனின் அம்மா ஒரு ஹோட்டலில் பெண்ணை எதிரில் உட்காரவைத்து, மேசைமேல் உறையை நகர்த்துவாள். வாங்கிக்கொண்டு என் மகனை விட்டுவிடு. பெண் மறுத்தால் முகத்தில் தண்ணீர். 'பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸி'ல் கதாநாயகி சலவைக்கடைக்காரர் மகள். பணக்காரச் சம்பந்தத்துக்கு ஆசைப்பட்ட அவளுடைய அம்மாவே, பணத்தோடு வீடு தேடி வந்த அந்தச் சீமாட்டியின் தலையில் உப்பைக் கொட்டிவிடுவாள். உப்பு கொட்டினால் பீடை போகும் என்பது அங்கேயும் உண்டு. அந்தக் காட்சிக்கு எங்கள் தெருவில் விசில் அடித்தார்கள். 'தி ஏர்ஸ்' தொடரில் வாரிசு வீட்டில் வேலை செய்யும் பேச முடியாத அம்மாவின் மகள்தான் நாயகி. அதைப் பார்த்த என் சித்தி, "அது எப்படி, வேலைக்காரி பொண்ணு அந்த வீட்டுக்குள்ளயே ரூம்ல தூங்குறா?" என்று கேட்டார். காதல் நம்பும்படி இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. படுக்க இடம் கொடுத்ததைத்தான் அவரால் நம்ப முடியவில்லை.

இந்தத் தொடர்களில் தடை என்பது காசு. காசு என்பதால் அதற்கு ஒரு முடிவும் உண்டு. பெண் படித்து முன்னேறுவாள், பையன் சொத்தை உதறுவான், மாமியார் பதினாறாவது எபிசோடில் கொஞ்சம் இளகுவாள். நம் ஊரில் உறை வருவதில்லை. வேறொன்று வருகிறது. 2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் வெட்டிக் கொல்லப்பட்ட கவின், கொரியத் தொடரின் கணக்குப்படி எல்லாத் தகுதியும் உள்ள மாப்பிள்ளை. மென்பொருள் பொறியாளர், நல்ல வேலை, நல்ல சம்பளம். படித்து முன்னேறு, எல்லாம் சரியாகும் என்று நமக்குச் சொன்னதை எல்லாம் செய்தவர். எந்த எபிசோடில் அவர் தேறியிருப்பார்?

அரச காலத்துத் தொடர்களில் இன்னொரு தந்திரம் உண்டு, பிறப்பு ரகசியம். அடிமைப் பெண் என்று நினைத்தவள் கடைசியில் பிரபுவின் தொலைந்துபோன மகள். கல்யாணம் தடையில்லாமல் நடக்கும். இது ரொம்ப மோசமான முடிவு என்று சொல்வேன். காதல் ஜெயித்ததுபோல் காட்டிவிட்டு, பிறப்பின் ஏணியை ஒரு படிகூட அசைக்காமல் விட்டுவிடுகிறது. தமிழ் சினிமாவுக்கும் இது புதிதில்லை. சேரியில் வளர்ந்த எத்தனை நாயகர்கள் கிளைமாக்ஸில் பெரிய வீட்டு வாரிசாகியிருக்கிறார்கள்! 2024 இறுதியில் வந்த 'தி டேல் ஆஃப் லேடி ஓக்' இதைத் திருப்பிப் போட்டது. அதில் ஒரு அடிமைப் பெண், பிரபு குலப் பெண்ணின் பெயரை எடுத்துக்கொண்டு வாழ்கிறாள், மற்றவர்களுக்காக வழக்காடுகிறாள். பிறப்பில் ரகசியம் ஒன்றும் இல்லை, பிறந்தது அடிமையாகத்தான். அது தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் கதை. நகரத்தில் வாடகை வீடு தேடும்போது சாதியை மறைத்தவர்களுக்கு அந்தப் பயத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இப்போது நம் ஊர் நாடகத்துக்கு வருகிறேன்.

2012 நவம்பர் 7 அன்று, நமக்குப் பக்கத்தில், தருமபுரி நத்தம் காலனியும் அருகில் இரண்டு குடியிருப்புகளும் எரிக்கப்பட்டன. 250க்கும் மேற்பட்ட வீடுகள். காரணம், இளவரசன் - திவ்யா திருமணம். அதையொட்டி பா.ம.க. நிறுவனர் ராமதாஸ் தலித் அல்லாத சாதி அமைப்புகளைக் கூட்டி, ஜீன்ஸும் டி-ஷர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டு நம் பிள்ளைகள் மற்ற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று பேசினார். அதற்கு வைத்த பெயர் 'நாடகக் காதல்'. 2013 ஜூலை 4 அன்று இளவரசன் ரயில் பாதையோரம் பிணமாகக் கிடந்தார்.

அந்தச் சொல்லைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். கொரியாவில் ஒரு நடிகன் கோட்டும் கூலிங் கிளாஸும் போட்டு வந்தால் அது காதல் நாடகம். நம் தெருப் பையன் ஜீன்ஸ் போட்டு வந்தால் நாடகக் காதல். முதலாவதை வீட்டு ஹாலில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்தே பார்க்கலாம். நன்றாக உடுத்துவதும், அன்பாகப் பேசுவதும், ஒரு பெண்ணுக்காகக் காத்திருப்பதும் நம் பையன்கள் செய்தால் நடிப்பு என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிட்டார்கள். அந்தப் பெண்ணுக்கோ சொந்தமாக மனம் என்று ஒன்று இருக்கவே முடியாது, யாரோ மயக்கியிருக்கிறார்கள்.

என்னோடு இயர்போனைப் பங்கிட்டவள் வேறு சாதி. ஊர்த்தெருப் பெண். பெயர் வேண்டாம். கட்டிங் செக்‌ஷனில் இருந்த ஒரு காலனிப் பையனோடு பேசுவாள். பேச்சு என்றால் பெரும்பாலும் எந்தத் தொடர் எந்த எபிசோடில் நிற்கிறது என்பதுதான். போனில் அவன் அனுப்பிய ஒரு குறுஞ்செய்தியை அவள் அண்ணன் பார்த்தான். திங்கள் பஸ்ஸில் அவள் இல்லை. அந்த வாரமே சொந்தத்தில் கல்யாணம். லைன் மேலாளர் அவள் இடத்துக்கு வேறொருத்தியை உட்காரவைத்தார், அவ்வளவுதான். அவள் பார்த்துக்கொண்டிருந்த தொடர் இன்னும் நான்கு எபிசோட் பாக்கி. நானும் அதை முடிக்கவில்லை.

"கொரியாக்காரனுக்குச் சாதி இல்லை, அதான் இப்படி எடுக்கிறான்" என்று சிலர் சொல்கிறார்கள். இது அரைகுறை. அங்கே பெக்ஜோங் என்று ஒரு மக்கள் இருந்தார்கள். மாடு அறுப்பது, தோல் வேலை, கூடை முடைவது அவர்கள் தொழில். தனிக் குடியிருப்பு. மற்றவர்கள்போலத் தொப்பி அணியக்கூடாது. ஆம், நம் தொழில்தான், நம் கதைதான். 1894 சீர்திருத்தம் சட்டத்தில் அந்த அந்தஸ்து வேறுபாட்டை ஒழித்தது. பள்ளிக்கூட வாசல் ஒழிக்கவில்லை. 1923 ஏப்ரலில் ஜின்ஜு நகரில் அவர்கள் 'ஹியோங்பியோங்சா' என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். ஹியோங் என்றால் தராசுக்கோல். கறி நிறுக்கும் தராசையே சமத்துவத்துக்குப் பெயராக வைத்தார்கள்! அதற்கு முந்தைய ஆண்டு, 1922 மார்ச்சில், ஜப்பானின் கியோட்டோவில் தோல் தொழிலோடு பிணைக்கப்பட்ட புராக்கு மக்கள் 'சுய்ஹெய்ஷா'வைத் தொடங்கியிருந்தார்கள். இரண்டு இயக்கங்களும் தொடர்பில் இருந்தன. ஜப்பானில் 1975இல், புராக்கு ஊர்ப்பெயர்களின் பட்டியல் ஒன்று நிறுவனங்களுக்கு ரகசியமாக விற்கப்பட்டது வெளியே வந்தது. வேலைக்கும் கல்யாணத்துக்கும் பின்னணி விசாரிப்பவர்களுக்கு அது உதவியது. இவ்வளவு ஜப்பானியக் காதல் தொடர்களில் எத்தனை மாமியார் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறாள்? கொரியாவிலும் 2010இல் வந்த 'ஜெஜுங்வோன்' போல ஒன்றிரண்டுதான்: பெக்ஜோங் மகன் ஒருவன் மருத்துவனாகும் கதை. அதற்கு முன்மாதிரியான பார்க் சோயாங் 1908இல் அந்த மருத்துவப் பள்ளியின் முதல் அணியில் பட்டம் பெற்றவர்.

கல்யாணச் சட்டத்தில் கொரியா எதிர்த்திசையில் போனது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரே குடும்பப்பெயர், ஒரே பூர்வீக ஊர் என்றால் கல்யாணம் செய்யக்கூடாது என்று அங்கே சட்டம் இருந்தது. கிம்ஹே ஊர் கிம், இன்னொரு கிம்ஹே கிம்மை மணக்க முடியாது. அந்தக் கிம்கள் பல லட்சம் பேர். 1997இல் அரசியல் சாசன நீதிமன்றம் அது செல்லாது என்றது, 2005இல் சட்டமே திருத்தப்பட்டது. அங்கே 'உள்ளே கட்டாதே' என்ற தடை. இங்கேயும் கோத்திரம், பங்காளி என்று அது உண்டு, ஆனால் அதைச் சுற்றி இன்னொரு வேலி: 'வெளியே கட்டாதே'. அந்த வெளி வேலிதான் சாதியை உண்டாக்குகிறது என்று 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையிலேயே பாபாசாகேப் காட்டிவிட்டார். அப்போது அவருக்கு வயது 25. இருபது வருஷம் கழித்து 'சாதி ஒழிப்பி'ல் கலப்பு மணமே உண்மையான மருந்து என்றார். ஆக, ஒரு பெண் தன் துணையைத் தானே தேர்ந்தெடுக்கும் கதையை விரும்பிப் பார்ப்பது, நம் இயக்கத்தின் மையக் கேள்வியின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. சிரித்த தோழர்களுக்கு இதுதான் என் பதில்.

குறைகள் எனக்கும் தெரியும். எல்லோரும் பளிச்சென்ற வெள்ளை. பழைய தொடர்களில் நாயகியின் மணிக்கட்டைப் பிடித்துத் தரதரவென இழுப்பதைக் காதல் என்றார்கள். நம் சினிமா பெண்ணைத் துரத்துவதைக் காதல் என்றதுபோல. "கே-டிராமா பார்த்துப் பொண்ணுங்க எதிர்பார்ப்பு ஏறிப்போச்சு" என்று நம் பையன்கள் அலுத்துக்கொள்கிறார்கள். ஏறட்டுமே, தம்பி. என்ன கேட்கிறார்கள்? சாப்பிட்டியா என்று கேள், சமைக்கக் கற்றுக்கொள், கத்தாதே. மாநாட்டு மேடையில் பெண் விடுதலை பேசிவிட்டு வீட்டுக்குப் போனதும் "தண்ணி கொண்டா" என்று உட்காருபவர்கள் நம்மிலும் இருக்கிறார்கள். ரஞ்சித்தின் 'நட்சத்திரம் நகர்கிறது' 2022இல் வந்தபோது, காதல் அரசியல்தான் என்று ரெனே சொன்னதற்குக் கை தட்டினோம். ரெனே மாதிரி ஒருத்தி நம் வீட்டுக்குள் வந்து எதிர்த்துப் பேசினால் தட்டுவோமா என்பது வேறு விஷயம்.

இனி ஒரு வேலை. சக்தி வாஹினி வழக்கில் 2018 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம், ஒவ்வொரு மாவட்டத்திலும் சாதி மறுப்பு இணையர்களுக்காகத் தனிப்பிரிவு, 24 மணி நேர உதவி எண், பாதுகாப்பு இல்லம் வேண்டும் என்றது. 2025 அக்டோபரில் தமிழக முதல்வர், ஆணவக் கொலைகளுக்கு எதிரான சட்டத்துக்குப் பரிந்துரை செய்ய ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் என்று அறிவித்தார். நல்லது. ஆனால் என்னோடு பஸ்ஸில் வந்தவளுக்கு அந்த உதவி எண் தெரியாது. எனக்கும் அன்று தெரியாது.

லைனில் இருக்கும் பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு மனு எழுதியிருக்கிறோம். அந்த எண்ணைத் தமிழில், பெரிய எழுத்தில், எல்லாக் கம்பெனி பஸ்ஸிலும் கேன்டீனிலும் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்பக்கத்திலும் ஒட்ட வேண்டும். திடீரென்று வேலைக்கு வராமல் போகும் பெண்ணைப் பற்றி மூன்றாம் நாள் யாராவது விசாரிக்க வேண்டும். இவ்வளவுதான் கேட்டிருக்கிறோம். கழிப்பறைக் கதவு யோசனை என் பக்கத்து மெஷின் அக்காவுடையது. அண்ணன்மார் வராத இடம் அது ஒன்றுதான் என்றார். தாள் அந்த மேசைமேல் இருக்கிறது. பிரியாணி வருவதற்குள் படித்துப் பாருங்கள், விட்டுப்போனதைச் சொல்லுங்கள். நாளை காலை முதல் பஸ்ஸுக்கு முன்னால் நகல் எடுக்க வேண்டும்.