கேட்டலும் விடுத்தலும்

சொல்லை நிறுத்துப் பேசுவோர் கூடிய இவ்வவையில், கேட்பதையும் நிறுத்துக் கேட்க வழிசெய்த ஒரு கணிப்பொறி நிரலைப் பற்றிச் சில சொற்கள்.

1980-இல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிடையே தொடங்கிய யூஸ்நெட் என்னும் கலந்துரை வலையில் மடல்கள் வெள்ளமாய்ப் பெருகின. அவற்றைப் படிக்க லாரி வால் 1984-இல் அளித்த ‘ஆர்என்’ நிரலில், வேண்டாத பெயரை ஒரு கோப்பில் எழுதிவிட்டால் அவர் மடல் மீண்டும் கண்ணில் படாது. அதற்குக் ‘கொலைக்கோப்பு’ என்றே பெயர்.

மசனோபு உமேதா இயற்றிய ‘குனூஸ்’ நிரலை, 1994 இலையுதிர் காலத்தில் லார்ஸ் மாக்னே இங்கெபிரிக்ட்சன் புதிதாக எழுதத் தொடங்கினார். அதில் மதிப்பெண் முறை அமைந்தது. விரும்பும் எழுத்தாளர்க்குக் கூட்டலாம். சலிப்பூட்டும் உரையாடலுக்குக் குறைக்கலாம். தற்காலிகமாகக் குறைத்தது, அதற்குப் பொருந்தும் மடல் ஏழு நாள் வராவிடில் தானே நீங்கும். சினத்துக்கும் தவணை உண்டு.

எழுதும் மடலுக்கும் ஒழுங்கு உண்டு. முடியாதது வரைவாய்க் காத்திருக்கும். சென்றதன் படியை மாதவாரியாகச் சேமிக்கலாம். அனுப்புவதைத் தள்ளிவைக்கவும் ஆணை உண்டு. நாள் குறிக்காவிடில் மூன்று நாள். அதற்குள் மனம் மாறினால் திருத்தலாம், அழித்தும் விடலாம்.

ஆயினும் நிரல் பின்பற்றுவது வாசகன் இட்ட எண்ணையே. உடன்படுவோர்க்கு மட்டும் கூட்டிக்கொண்டே போனால், முடிவில் அவன் செவியில் அவன் குரலே விழும். மறுத்துரைக்கும் குரலுக்கும் ஓர் எண் ஒதுக்கும் பொறுப்பு வாசகனுடையது.